காட்டுப் புறாக்களும் குடியானவர் கடமையும்

புறா என்றவுடன், களத்துப் பொலியில் இறங்கித் தானியம் பொறுக்கும் பட்சியே குடியானவரின் நினைவிற்கு வருகின்றது. மாடப்புறா, புள்ளிப்புறா, தவிட்டுப்புறா ஆகியவை தானியம் தின்பது உண்மையே. ஆனால் அக்குற்றத்தைப் புறா இனம் முழுவதின் மீதும் சுமத்தி, காட்டுப் புறாக்களையும் கண்ணி வைத்துப் பிடிப்பது நியாயமன்று. முடிவில் அது விவசாயத்திற்கே நஷ்டமாகும்.

மேற்கு மலைத்தொடரின் காட்டுப் புறாக்கள் நிறத்திலும் நடத்தையிலும் வேறானவை. மரகதப்புறாவின் இறக்கைகள் பளபளக்கும் பச்சை. அலகு பவளச் சிவப்பு. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை இதுவே. இது காட்டுத் தரையில் உதிர்ந்த பழங்களையும் விதைகளையும் உண்டு வாழும். நீலகிரி, ஆனைமலை முதலிய உயர்ந்த மலைகளின் சோலைகளில் நீலகிரிக் காட்டுப்புறா வசிக்கின்றது. இதன் பிடரியில் சதுரங்கப் பலகை போன்று கறுப்பும் வெள்ளையுமான குறி உண்டு. இஃது பெரும்பாலும் மேற்கு மலைத்தொடரிலேயே காணப்படுவது. மஞ்சள்கால் பச்சைப்புறாவோ சமவெளிக்கும் வந்து, ஆல், அரசு, அத்தி மரங்களில் கூட்டமாய்ப் பழம் தின்னும்.

இவற்றால் பிரயோஜனம் யாதெனில், நீலகிரிக் காட்டுப்புறா, இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த சோலை மரங்களின் பெரிய பழங்களையும் முழுதாக விழுங்கி, விதைகளைத் தூரத்தில் கொண்டுபோய் இடுகின்றது. இத்தகைய பெரிய விதைகளைச் சிறு பட்சிகள் சுமக்க இயலாது. அச்சோலைகளே மழைநீரைத் தாங்கிவைத்து, ஓடைகளின் வழியாகப் பவானி, மோயாறு முதலிய நதிகளுக்கு அளிக்கின்றன. ஆகவே மலைமேலுள்ள புறாவிற்கும் கீழேயுள்ள நெல் வயலுக்கும் சம்பந்தம் உண்டு.

பச்சைப்புறாவிற்கு இப்பெருமை முழுவதும் பொருந்தாது. அதன் இரைப்பை பெரும்பாலான அத்தி விதைகளை அரைத்துவிடும். எனினும் அது மரத்துப் பழத்தை நம்பி வாழ்வதேயன்றிக் களத்துத் தானியத்தை நாடுவதன்று. மேலும் அதே மரத்திற்குப் பழம் தின்ன வரும் மைனா, வயலில் இறங்கிப் புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் தின்கின்றது. மரத்தை வெட்டுபவர் இவ்விரண்டையும் சேர்த்தே விரட்டுகின்றார்.

ஆலமர நிழல் பயிரைக் கெடுக்கின்றது என்பர். அதில் உண்மையில்லாமல் இல்லை. அதற்குப் பரிகாரம் வயலின் மேல் கவிந்த கிளைகளைக் கழிப்பதே, அடிமரத்தை வீழ்த்துவதன்று. கிராம அதிகாரிகளும், புறம்போக்கிலுள்ள பழைய ஆல், அத்தி மரங்களை ஏலத்திற்குச் சிபாரிசு செய்யுமுன், மரம் பட்டுப்போனதா, பச்சையாயிருக்கின்றதா என்று நேரிற் பார்த்தல் வேண்டும். விறகின் விலை ஒரு முறையே கிட்டும்.

புறாக்கள் எண்ணற்றவை, சிலவற்றைப் பிடிப்பதால் குறையா என்று எண்ணுவது பிழை. நீலகிரிக் காட்டுப்புறா ஓர் ஈட்டிற்கு ஒரு முட்டையே இடும். அமெரிக்காவில் வானத்தை மறைக்கும் கூட்டங்களாய்ப் பறந்த ஒருவகைக் காட்டுப்புறாவும் அவ்வாறு ஒரு முட்டையே இடுவது. மிதமிஞ்சிய வேட்டையாலும் காடழிப்பாலும் அது அருகி, 1914ஆம் வருஷம் கடைசிப் பறவையும் கூண்டிலே இறந்தது.

காட்டுப் புறாக்களை வேட்டையாடுவதை 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. ஒவ்வொரு கிராமத்தாரும் ஐப்பசி மழைக்கு முன், மதகிற்கும் கட்டடத்திற்கும் விலகிய இடம் பார்த்து, ஓர் ஆலம்போத்தாவது நட்டு வேலியிட்டுக் காப்பாராயின், அதன் பயனைப் பேரர் காலத்திலும் காணலாம்.