ஒரே தட்டில் நான்கு தடைகள்: புத்தளம் கரையில் நோயாளியின் சாப்பாடு

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம் கரையோரத்தில் தஞ்சமடைந்தனர். ஆலங்குடா, தில்லையடி போன்ற இடங்களில் கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை அது. அரிசி, மா, பருப்பு, சீனி என்று உலருணவு நிவாரணம் தலைக்கணக்கில் வந்தது. யாருக்கு எந்த உணவு ஆகாது என்ற கேள்விக்கு அங்கே இடமிருக்கவில்லை. அன்று இளம் தாய்மாராக வந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். வயதோடு நோய்களும் சேர்ந்துவிட்டன.

ஆலங்குடாப் பக்கத்தில் நான் சந்தித்த ஒரு தாய்க்கு நீரிழிவு, பிரஷர் இரண்டும் உண்டு. சிறுநீரகமும் பலவீனம். இறால், நண்டு பட்டால் உதடு வீங்கி மூச்சு முட்டும். நீரிழிவுக்காகச் சோற்றைக் குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகத்துக்காகப் பருப்பு, கீரை, இளநீர் எல்லாவற்றையும் அளவாக எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரஷருக்காகக் கருவாட்டை விலக்கச் சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சரியான ஆலோசனைதான். சேர்த்துப் பார்த்தால் அடுப்பில் எதை வைப்பது என்று தெரியாது. பயத்தில் மீனையும் விட்டுவிட்டு, வெள்ளைச் சோறும் சம்பலுமாக நாளை ஓட்டுகிறார். நீரிழிவுக்கு இதைவிடக் கேடான சாப்பாடு இல்லை.

கடற்கரையில் மீனை விடுவது சின்ன இழப்பல்ல. இறால், நண்டில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் வேறு, மீனில் உள்ளது வேறு. ஒன்று ஆகாதவருக்கு மற்றது ஆகலாம். அதை வைத்தியர்தான் சோதித்துச் சொல்லவேண்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். சமைத்தாலும் அது போகாது. அதைச் சாப்பிட்டு உடம்பு தடித்தால், ஒவ்வாமை என்று நினைத்து ஆயுளுக்கும் மீனைத் தள்ளிவிடுகிறோம். மறுபக்கம், உண்மையிலேயே ஒவ்வாமை உள்ளவர் கடைச் சம்பலிலும் கறியிலும் கலந்திருக்கும் மாசியையும் கூனி இறாலையும் கவனிப்பதில்லை.

பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் ஆபத்து உண்டு. அதில் பொட்டாசியம் சேர்ப்பார்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது இதயத்தையே பாதிக்கலாம்.

இதற்கு மேல் விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதன்பின் வேகம் குறைந்தாலும் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஓர் உணவை விலக்கினால் அதற்குப் பதிலாக இன்னொன்றை வாங்கவேண்டும். 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு, உணவு ஒவ்வாமைக்கு இல்லை. தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷாவில் சோயாவும் பால்மாவும் இருக்கின்றன. பாலோ சோயாவோ ஆகாத பிள்ளைக்கு அந்தப் பொதியால் பயனில்லை. வெள்ளம் வந்தால் இன்றும் எல்லா வீட்டுக்கும் ஒரே நிவாரணப் பொதிதான்.

பெரிய செலவில்லாத திருத்தங்கள் சில உண்டு. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒவ்வாமையைச் சிவப்பு மையில் எழுதலாம். எல்லா நோய்களையும் ஒன்றாக வைத்து, வீட்டில் கிடைக்கும் சாமான்களைக் கேட்டு, ஒரே உணவுப் பட்டியல் தரும் ஒருவரைக் கிளினிக்கில் அமர்த்தலாம். நிவாரணப் பொதியில் ஒரு பொருளையாவது மாற்றி எடுக்க வழிவிடலாம்.

நோயாளிகள் செய்யக்கூடியதும் உண்டு. எந்த உணவையும் தாமாகவே முழுதாக நிறுத்தாமல், எல்லாக் கொப்பிகளையும் ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். சாப்பிட்டதும் மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான்.

முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த மக்களை அரசும் உதவி நிறுவனங்களும் எண்ணிக்கையாகவே பார்த்தன. அவர்களில் யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்கத் தொடங்க வேண்டிய காலம் இது.