நடந்து எட்டும் தூரத்தில் ஒரு நகர்: ஸ்ரீரங்கத்து உறவுகளுக்குத் திறந்த மடல்

மயூர் விஹார் முதல் ஃபேஸ்,
டெல்லி.

அன்புள்ள ஸ்ரீரங்கத்து உறவுகளுக்கு,

உங்களில் பலர் திருச்சியில் பஞ்சப்பூர் பக்கம் மனை பார்ப்பதாகப் போனில் சொல்கிறீர்கள். 2025இல் அங்கே ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்ததிலிருந்து மதுரை சாலையின் இருபுறமும் புதிய நகர்களுக்குக் கொடி நட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டா, வில்லங்கம், டிடிசிபி அப்ரூவல் என்று எல்லாவற்றையும் கவனமாக விசாரிக்கிறீர்கள். காலையில் பால் வாங்க எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று நான் கேட்டால் மட்டும், "வண்டி இருக்கே" என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது.

நான் குடியிருக்கும் மயூர் விஹார் யமுனைக்குக் கிழக்கே இருக்கிறது. இதன் பெரும்பகுதி டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய குடியிருப்புகள். பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து, மூன்று நான்கு மாடி வீடுகளுக்கு நடுவே பூங்கா, ஓரத்தில் கடைவரிசை, ஒரு மதர் டெய்ரி பூத், ஒரு சஃபல் காய்கறிக் கடை என்று அமைத்திருக்கிறார்கள். பள்ளியும் கடையும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் டெல்லியின் முதல் மாஸ்டர் பிளானிலேயே, 1962இலேயே, வந்துவிட்டது. அந்தத் திட்டத்தில் குறைகளும் நிறைய உண்டு. ஆனால் இந்த ஒரு எண்ணத்தின் பலனை நான் தினமும் காலையில் அனுபவிக்கிறேன்.

பால் பூத்தில் டோக்கன் வாங்கி, இயந்திரத்தின் துளையில் போட்டு, குழாய்க்கு அடியில் தூக்கைப் பிடித்தால் பால் கொட்டும். நுரை அடங்கும்வரை காத்திருந்து மூடியை அழுத்திவிட்டு நகர வேண்டியதுதான். பின்னால் நிற்பவர் கையில் எவர்சில்வர் கேன், அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி பிளாஸ்டிக் டப்பாவுடன் நிற்பாள். பாக்கெட் பாலைவிட டோக்கன் பால் விலை குறைவு. 1974இல் மதர் டெய்ரி தொடங்கப்பட்டது. அதன் பட்பர்கஞ்ச் ஆலை எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இத்தனை வருடங்களில் இந்தத் தூக்குகள் எத்தனை லட்சம் பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் தடை வந்தபோதுகூடப் பால் உறைக்கு விலக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. வேறு வழி ஏற்பாடு செய்யாமல் அதைத் தடுக்க முடியாது.

பூத்தில் நிற்பவர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அல்ல. பூத் பக்கத்தில் இருக்கிறது, அதனால் நடந்து வருகிறார்கள். இதே குடும்பங்கள் நெடுஞ்சாலையோர அடுக்குமாடிக்குக் குடிபோனால் மறுநாளே காரை எடுப்பார்கள். மனிதர்களின் பழக்கத்தைத் திருத்தப் பிரசாரம் செய்வதைவிட, கடையை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே யோசிப்பது எவ்வளவோ மேல்.

இங்கே தவறியவையும் கண்ணெதிரே இருக்கின்றன. மெட்ரோவின் பிங்க் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். மயூர் விஹார் பாக்கெட் 1 வரை ஒரு பக்கம், திரிலோக்புரியிலிருந்து மறு பக்கம் என்று 2018இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நடுவில் 289 மீட்டர் மட்டும் பாக்கி. அந்த இடத்தில் குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு கொடுக்கும் விஷயம் தீராததால், 2021 ஆகஸ்டில்தான் இரண்டும் இணைந்தன. அதுவரை பயணிகள் இறங்கி, ஆட்டோ பிடித்து, மறுபடி ஏறினார்கள். குடியிருப்பவர்களின் மறுவாழ்வைக் கடைசி வேலையாக வைத்தால் முழுப் பாதையும் காத்துக் கிடக்கும்.

காஜிப்பூர் குப்பை மலை இன்னொன்று. 1984இல் தொடங்கி, 2002இலேயே கொள்ளளவைத் தாண்டிய கிடங்கு அது. அதன்பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். 2017 செப்டம்பர் முதல் தேதி ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கும் நாட்களில் மயூர் விஹார் மூன்றாம் ஃபேஸ் பக்கம் ஜன்னலைத் திறக்க முடியாது. நாம் பிரிக்காமல் போடும் காய்கறித் தோலும் ஊசிப்போன சாதமும்தான் அங்கே அழுகி வாயுவாகி எரிகின்றன. திருச்சி அரியமங்கலம் குப்பைக் கிடங்கின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னை மிகவும் உலுக்கியது மதராஸி கேம்ப். ஜங்க்புராவில் பாராபுலா வடிகால் ஓரமாகத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த குடிசைப் பகுதி. வெள்ளம் வடியத் தடையாக இருக்கிறது என்று உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் முதல் தேதி இடித்தார்கள். சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடுகளும் நரேலாவில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. ஜங்க்புரா வீடுகளில் காலை ஆறரைக்குச் சமையலுக்கு வரவேண்டிய பெண், நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு மிச்சமாகலாம், நேரம் மிச்சமாகாது. எங்கள் பக்கத்து திரிலோக்புரியும் அவசரநிலைக் காலத்தில் இப்படி அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம்தான். பின்னால் மயூர் விஹார் எழுந்ததால் இன்று அங்கிருந்து பெண்கள் நடந்தே வேலைக்கு வருகிறார்கள். நரேலாவுக்குப் போனவர்களை அதுபோல முப்பது நாற்பது வருடம் காத்திருக்கச் சொல்வது அநியாயம். சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியவர்கள் வேலையை இழந்த கதை நமக்குத் தெரியும். தெரிந்தும் அதையேதான் செய்கிறோம்.

நீங்கள் வளர்ந்த ஊரை நினைத்துப் பாருங்கள். உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ குடியிருந்தவர்களுக்குக் கோவில், காவிரி, பள்ளிக்கூடம், பலசரக்குக் கடை எல்லாம் நடை தூரத்தில். திருச்சிக்குப் போக ஒன்றாம் நம்பர் பஸ். பூ கட்டுகிறவரும், வீட்டு வேலைக்கு வருகிறவரும் அருகிலேயே குடியிருந்தார்கள். அதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் வண்டியை உதைக்க வேண்டிய நகர்களை இப்போது காசு கொடுத்து வாங்குகிறோம்.

மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் காலை அங்கே போய் நடந்து பாருங்கள். பேருந்து நிறுத்தம் எங்கே, ரேஷன் கடை எங்கே, உங்கள் வீட்டில் வேலை செய்யப்போகிறவர் எங்கே குடியிருப்பார் என்று கேளுங்கள். பூங்காவுக்கென ஒதுக்கிய திறந்தவெளி வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா, தரையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர் மாஸ்டர் பிளான் மீது ஆட்சேபணையும் யோசனையும் கேட்டு அறிவிப்பு வரும்போது, குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள். கெடு முடிவதற்குள் கொடுங்கள். பிறகு கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி