மண்ணுக்குள் ஒரு தோழன்

பூசணம் என்றாலே பயிருக்கு நோய் என்று எண்ணுகிறோம். பயிரைக் காக்கும் பூசணமும் உண்டு. வேரோடு கூடி வாழும் அதனை வேர் உட்பூசணம் என்பர்.

நம் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு அனுப்பும் கொடைக்கானல் மலையில் உருளைக்கிழங்கும் விளைகிறது. உருளையின் வேர் ஆழமாகச் செல்லாது; மழை தவறினால் விரைவில் வாடிவிடும். பூசணமோ முடியினும் மெல்லிய இழைகளை நீட்டி, வேர் எட்டாத இடத்து நீரையும் மணிச்சத்தையும் கொண்டுவந்து தருகிறது. கைம்மாறாகச் செடி தான் தயாரித்த சர்க்கரையில் பங்கு கொடுக்கிறது. என்ன அருமையான நட்பு!

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனை உயிர் உரமாகத் தயாரித்து வழங்குகிறது. விதைக்கிழங்கு ஊன்றும்போதே வேர் படும் இடத்தில் இட வேண்டும்.

மலையில் உருளை பயிரிடும் என் மாமா, "மழையில்லாதபோது பூசணம் என்னம்மா செய்யும்?" என்று கேட்டார். அது மழையைத் தராது, உண்மைதான். ஆனால் இருக்கும் ஈரத்தைத் தேடிக் கொடுக்கும். மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டினாலோ, செடி இத்தோழனை ஒதுக்கிவிடும். அதுவே நாம் செய்யும் தவறு என்பது என் கருத்து.

தோழியரே, மண்ணை ஆய்வு செய்து அளவோடு உரமிடும்படி நம் வீட்டுப் பெரியோரிடம் எடுத்துச் சொல்வோம். உழவர் வீட்டுப் பெண்கள் கற்ற கல்விக்கு அதுவும் ஒரு பயனன்றோ?

— பத்தாம் வகுப்பு மாணவி