மெயின் பாட்டு யாருடையது?

மார்கழிக் கச்சேரி எதையாவது எடுத்துக்கொண்டு, பாடிய உருப்படிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் வர்ணம்; அது லால்குடி ஜெயராமனுடையதாக இருக்கலாம். கடைசியில் தில்லானா, அதுவும் பல சமயம் அவருடையதே. துக்கடாவில் பெரியசாமித் தூரனோ அம்புஜம் கிருஷ்ணாவோ தலைகாட்டுவார்கள். தனி ஆவர்த்தனத்தோடு வரும் மெயின் மட்டும் பெரும்பாலும் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரியை விட்டு நகர்வதில்லை. மூவரில் கடைசியாக மறைந்தவர் தியாகராஜர், 1847இல். ஆக, கச்சேரியின் இரு ஓரங்களிலும் புதியவர்கள் குடியேறிவிட்டார்கள். நடுவீடு பூட்டியே கிடக்கிறது.

அந்தத் தரத்தில் இன்று யார் எழுதுகிறார்கள் என்று கேட்பார்கள். கேள்வியே சரியில்லை. மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளும் இன்று நாம் கேட்கும் உருவத்தில் பிறந்தவை அல்ல. தியாகராஜரின் பாட்டுகள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சிஷ்ய பரம்பரைகளாகக் கிளைத்து, வாய்க்கு வாய் சங்கதி ஏறி வளர்ந்தன. முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தது 1835இல். அவருடைய கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்திய சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரத்தில் அச்சேறியது 1904இல். அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றைய கச்சேரியைக் கேட்டால், இடைப்பட்ட காலத்துப் பாடகர்கள் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள், எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் இன்னும் சுவையான சாட்சி. சாகித்யம் பதினெட்டாம் நூற்றாண்டினது. அதில் சில பாடல்களுக்கு இன்று நாம் கேட்கும் மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டது என்பார்கள். அவர் 1967 வரை நம்மோடு இருந்தவர். சபா ரசிகர் இதற்கு முகம் சுளித்ததே இல்லை. பழைய பெயரின் நிழலில் வந்தால் புதிய சங்கீதத்தை அவர் தாராளமாக ஏற்றுக்கொள்கிறார்.

இன்று எழுதப்படும் கீர்த்தனைக்கு இந்த வளர்ச்சிக்காலம் கிடைப்பதில்லை. மெட்டுப் போட்ட கையோடு ஸ்டூடியோ, பிறகு வீடியோ, அப்புறம் யூடியூப். முதல் பாடகரின் குரலே அந்தப் பாட்டின் கடைசி வடிவமாக உறைந்துவிடுகிறது. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே.ஸ்ரீராம்குமார் மெட்டமைத்து, டி.எம்.கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடல் 2017இல் வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் கதையைச் சொல்லும் ராகமாலிகை. சபா வாசலை மிதிக்காதவர்களையும் அது எட்டியது. இன்னொரு வித்வான் அதைத் தன் பாடாந்தரமாக்கிக்கொண்டு கச்சேரியில் பாடி நான் கேட்டதில்லை.

ஒலிப்பதிவு மேல் மட்டும் பழிபோட முடியாது. 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்த கோடீஸ்வர ஐயர் 1938இல் காலமானார். அவருடைய உருப்படிகள் இன்று பரவலாகத் தெரிகின்றன என்றால், எஸ்.ராஜம் விடாமல் பாடியதும் கற்றுக்கொடுத்ததும் பெரிய காரணம். பதிவுகளும் அதற்கு உதவின. ஒரு பாட்டுக்கு வேண்டியது கற்றுக்கொடுக்கும் ஒரு வாத்தியார், அவரிடம் பாடம் கேட்டுக் கொஞ்சம் மாற்றிப் பாடும் சிஷ்யர்கள்.

பாடகர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. கச்சேரி இரண்டரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. அதில் கணிசமான நேரத்தை விழுங்கும் மெயினில் தெரியாத பாட்டை வைக்கத் துணிச்சல் வேண்டும். (தெரிந்த பாட்டாக இருந்தாலும் தனி தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்கள் வேறு.) சாகித்யகர்த்தாக்களிடமும் குறை இருக்கிறது. இப்போது வரும் பல கீர்த்தனைகள் வெறும் நாமாவளிகள்; நிரவலுக்கு நின்று விரிக்கத்தக்க ஒரு வரி அவற்றில் அகப்படாது. ராகத்துக்கு இடம் விட்டு எழுதுவது தனி வித்தை. பாடத் தெரிந்தவரோ, பாடுகிறவரோடு உட்கார்ந்து எழுதுகிறவரோதான் அதைச் செய்ய முடியும். பெருமாள்முருகன் டி.எம்.கிருஷ்ணாவுக்காகக் கீர்த்தனைகள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை தருவது இந்தக் கூட்டுதான்.

தமிழிசை இயக்கம் மொழிக்காகக் கதவைத் திறந்தது. சஞ்சய் சுப்ரமணியன் ‘தமிழும் நானும்’ என்று முழுக் கச்சேரியையும் தமிழிலேயே நடத்திக் காட்டினார். ஆனால் அந்தக் கதவு வழியே வந்தவர்களிலும் பெரும்பாலோர் மறைந்தவர்கள். வாழ்கிறவர்களுக்குப் போட்டியும் பரிசும் வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சபாக்கள் வாழும் ஒருவரின் ஒரே கீர்த்தனையை நான்கைந்து பாடகர்களிடம் கொடுத்து, அடுத்தடுத்த சீசன்களில் தனியோடு மெயினாகப் பாடச் சொல்லலாம். ஒருவர் பாடுவது போல் இன்னொருவர் பாடக்கூடாது என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும். கூடவே பணத்தையும் பேசிவிட வேண்டும். கச்சேரிச் சன்மானம் பாடகருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் போகிறது. அன்று பாடப்பட்ட பாட்டை எழுதியவர் உயிரோடு இருந்தாலும் அவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் நம் சபாக்களில் இல்லை.