மாற்றுத் தொகுப்பி: துணையாகட்டும், தளையாக வேண்டாம்



புக்கிட் பெருவாங் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் பயிலும் என் பழைய மாணவர் ஒருவர், அண்மையில் என்னைக் காண வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் ஜாவாவில் எழுதிய சொல் விளையாட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஜாவாசியை விட்டுவிட்டு எக்லிப்ஸ் தொகுப்பிக்கு மாறிவிடுங்கள்" என்றார். நாம் எழுதும் மூல நிரலைக் கணினி இயக்கத்தக்க பைட்கோடாக மாற்றித் தருவதே கம்பைலர் எனப்படும் தொகுப்பி. ஜாவாவுடன் வருவது ஜாவாசி. எக்லிப்ஸ் தொகுப்பி அதற்கு மாற்று.

அவர் சொல்வதற்குக் காரணம் இருந்தது. சரியான விடை எழுதிய ஒரு சிறுமிக்கு என் விளையாட்டு சுழியம் காட்டியது. தன் விடைதான் தவறு என்று எண்ணி அவள் அழித்து அழித்து எழுதினாள். பிழையோ என்னுடையது! மதிப்பெண்ணைச் சேமிக்கும் இடத்தில் 'திஸ்' என்ற சொல்லை விட்டதால், ஒரு மாறிக்கு அதே மாறியையே மதிப்பாகக் கொடுத்திருந்தேன். இலக்கணப்படி அது பிழையன்று. ஆதலால் ஜாவாசி வாய் திறக்கவில்லை. எக்லிப்ஸ் தொகுப்பியோ, 'இதனால் பயனில்லை' என்று உடனே எச்சரித்தது.

ஆயினும் முற்றாக மாறிவிடுவதை நான் ஏற்கவில்லை. ஐ.பி.எம். உருவாக்கிய ஜைக்ஸ் தொகுப்பியை நினைத்துப் பாருங்கள். சி++ மொழியில் எழுதப்பட்ட அது, வேகத்துக்குப் பெயர்பெற்றது. 2004-இல் வந்த ஜாவா 5-இன் புதிய கூறுகளை முழுமையாக ஏற்காமலே அதன் வளர்ச்சி நின்றது. ஜி.சி.ஜே. தொகுப்பியும் 2017-இல் வெளிவந்த ஜி.சி.சி. 7-இலிருந்து நீக்கப்பட்டது. அவற்றை மட்டுமே நம்பியவர்கள் திரும்பி வர நேர்ந்தது.

எக்லிப்சிலும் ஒரு வழக்கம் கவனத்துக்குரியது. பிழையுள்ள நிரலுக்கும் அது வகுப்புக் கோப்பை உருவாக்கித் தர வல்லது. அப்பகுதி இயங்கும்போதுதான் பிழை வெளிப்படும். எழுதிப் பழகும்போது இது வசதி. பிள்ளைகள் கையில் கொடுக்கும் பதிப்பில் இது கேடு.

விடைத்தாளை இருவர் திருத்தினால், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவருக்குப் படும். அளவுகோல் மட்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இங்கு அந்த அளவுகோல் ஜாவா மொழியின் விதித்தொகுப்பு. இரு தொகுப்பிகளும் முரண்பட்டால், அதையே புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் செய்வது இதுதான்: முதலில் எக்லிப்ஸ் தொகுப்பி, எச்சரிக்கைகளைத் தீர்த்தபின் ஜாவாசி, இரண்டிலும் தேறினால்தான் வெளியீடு. தமிழ் எழுத்துகள் சிதையாதிருக்க, இரண்டுக்கும் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தைக் குறிப்பிட மறப்பதில்லை. ஆண்ட், மேவன் போன்ற கருவிகளில் தொகுப்பியை மாற்றச் சில வரிகளே போதும். அவ்வரிகளை எந்நேரமும் மாற்றத்தக்க நிலையில் வைத்திருப்பதே அறிவுடைமை.

நம் கவனக்குறைவுக்கு ஒரு பிள்ளை தன்னையே நொந்துகொள்ளலாகாது. அதற்காக இன்னொரு முறை சரிபார்ப்பது வீண் வேலையன்று.