காருக்கும் மூக்கு உண்டு!

பெட்ரோல் போட்டால் கார் ஓடும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெட்ரோல் மட்டும் போதாது. அது எரியக் காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9 ஆயிரம் லிட்டர் காற்று தேவை!

அந்தக் காற்றோடு புழுதியும் வருகிறது. அதைத் தடுத்து நிறுத்துவதுதான் "ஏர் பில்டர்". பெரும்பாலான கார்களில் இது மடிப்பு மடிப்பாக உள்ள காகிதம். என்ஜின் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும்.

புழுதி என்ன செய்யும்?

புழுதி என்பது பொடி மணல். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. நடுவில் மணல் புகுந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகும். பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேயும். என்ஜின் ஆயில் குடிக்கும், புகை கக்கும்.

பில்டர் விலை சில நூறு ரூபாய். என்ஜினைப் பிரித்து வேலை பார்க்கவோ பல ஆயிரம் ஆகும்! கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டுகிறவரின் கதி என்ன? வண்டி பட்டறையில் நின்றால் வீட்டில் உலை கொதிக்காது. கடன் தவணை மட்டும் நிற்காது.

மைலேஜ் கதை

"பில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும்" என்று சிலர் சொல்வார்கள். கார்புரேட்டர் உள்ள பழைய கார்களுக்கு அது பொருந்தும். இக்காலக் கார்களில், வரும் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் இதைச் சோதித்தது. பில்டர் அடைத்துக் கொண்டாலும் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. வேகம் எடுக்கத்தான் தாமதமாயிற்று.

ஆகவே, மைலேஜை நம்பி அடிக்கடி மாற்றுவது வீண் செலவு. மைலேஜ் குறையவில்லையே என்று மாற்றாமலே இருப்பது அதைவிட மோசம்!

எப்போது மாற்றுவது?

காரோடு வரும் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. பல கார்களுக்கு 30 ஆயிரம் அல்லது 40 ஆயிரம் கிலோமீட்டர் என்று இருக்கும். மண் சாலையிலும் செங்கல் சூளைப் பக்கமும் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

என்ஜினை நிறுத்திவிட்டு, பெட்டியின் கிளிப்பைக் கழற்றி வீட்டிலேயே பார்க்கலாம். லேசாகத் தட்டினால் மேல் தூசி உதிரும். மடிப்புகளில் அழுக்கு அப்பியிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்கவும் கூடாது, காகிதம் கிழியும். ஊசிமுனை ஓட்டை போதும், புழுதி உள்ளே போக! "புது பில்டர் நாளைக்கு வரும்" என்று பில்டரே இல்லாமல் ஓட்டுவது தவறிலும் தவறு.

காரைத் தினமும் கழுவுகிறார்கள். சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள். எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை அந்தப் பெட்டியையும் திறந்து பார்த்தால், வண்டி நெடுநாள் உழைக்கும்!