வயிற்றுவலிக்காரன் எல்லாம் குடிகாரனா?

நம்மவர் ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்து, உடம்பு இளைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் "கணையம் கெட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டால் போதும். "சம்சு போட்டே குடலை எரிச்சிக்கிட்டான்" என்று ஊரே தீர்ப்பு எழுதிவிடும். சம்சுவும் கள்ளும் நம் சமுதாயத்தைச் சீரழித்தது உண்மை. கணையத்தைக் கெடுக்கும் காரணங்களில் மது முக்கியமானது என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால், ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்காத பள்ளிக்கூடத்துப் பையனுக்கும், குடும்பப் பெண்ணுக்கும் இதே நோய் வருகிறதே! அதற்கு என்ன பதில்? "செய்வினை" என்று பூசாரியிடம் ஓடுவதா? இதற்கு மருத்துவம் ஓரளவு பதில் கண்டிருக்கிறது. அதை நம் மக்கள் அறியாமல் இருப்பதால்தான் நோயாளிமீது வீண்பழி விழுகிறது.

கணையமும் அதன் காவலாளியும்

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் ஆறு அங்குல நீளச் சுரப்பி. இரத்தத்தில் சர்க்கரையை அடக்கும் இன்சுலினைத் தருவது அதுதான். நாம் சாப்பிடும் மீன், பருப்பு, முட்டை ஆகியவற்றைச் செரிக்கவைக்கும் 'டிரிப்சின்' எனும் நொதியைத் தருவதும் அதுதான்.

இந்த டிரிப்சின் கணையத்தில் தூங்கும் நிலையில் உண்டாகி, குடலுக்குப் போன பிறகே விழிக்க வேண்டும். இடையில் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே தின்னத் தொடங்கிவிடும். இறைச்சியைக் கரைக்கும் பொருளுக்கு நம் சதையும் இறைச்சிதானே!

மரம் சீவிய கைகளுக்கு இது எளிதில் விளங்கும். பால் ஸ்டோருக்குப் போய், அமிலம் ஊற்றிய பிறகுதான் உறைய வேண்டும். வாளியிலேயே உறைந்துவிட்டால் நஷ்டம். அதற்காகத்தான் சில சொட்டு அம்மோனியா விடுகிறோம். கணையத்துக்கும் இப்படி ஒரு 'அம்மோனியா' உண்டு. முன்னதாக விழித்த டிரிப்சினைக் கட்டிப்போடும் ஒரு சிறு புரதம் அது. 1948இல் அமெரிக்க ஆய்வாளர் கசாலும் அவருடைய சகாக்களும் அதைக் கண்டுபிடித்தார்கள். அதை உண்டாக்கும் மரபணுவுக்கு இன்று 'ஸ்பிங்க்1' என்று பெயர்.

பாட்டன் கொண்டுவந்த எழுத்து

2000ஆம் ஆண்டில் ஜெர்மனி ஆய்வாளர்கள், நாள்பட்ட கணைய அழற்சியுள்ள 96 சிறுவர், இளையோரின் மரபணுவைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தக் காவலாளியின் மரபணுவில் மாற்றம் இருந்தது. பெரும்பாலோரிடம் கண்டது, புரதத்தின் 34ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழை.

2002இல் ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள், கணையத்தில் கல் விழும் நோயால் அவதிப்படும் இந்தியர்களிடமும் அதே பிழையைக் கண்டார்கள். இந்நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேரிடம் அது இருக்கிறது. நோயில்லாத பொதுமக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேரிடம்தான் உண்டு.

ரஜுலா கப்பலில் பெட்டி படுக்கையோடு வந்த நம் பாட்டன் பாட்டிமார், உடம்பின் எழுத்துகளையும் சேர்த்துத்தானே கொண்டுவந்தார்கள்? ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி அல்ல.

பழைய ஆட்கள், "ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்கு தின்னு கெட்ட உடம்பு" என்று சொல்வதுண்டு. மருத்துவர்களும் ஒரு காலத்தில் மரவள்ளியைச் சந்தேகித்தார்கள். 1959இல் இந்தோனேசியாவில் சூய்டெமாவும், பின்னர் கேரளத்தில் டாக்டர் கீவர்கீசும் இந்நோயை விவரித்தபோது, நோயாளிகள் பலர் கிழங்கு உண்ணும் ஏழைகள். ஆனால் கிழங்கு அதிகம் உண்ணாத சென்னையிலும் இந்நோய் இருக்கிறது. ஆகவே, கிழங்கு ஒன்றையே குற்றவாளியாக்க முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

மரபணுப் பிழை இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. அப்பிழை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுக்கச் சுகமாகவே இருக்கிறார்கள். எனவே, "அந்தக் குடும்பத்துல பொண்ணு எடுக்காதே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது அறியாமை மட்டுமல்ல, அநியாயமும்கூட. ஆனால் காவலாளி பலவீனமாயிருக்கும் வீட்டில் மதுவும் புகையும் கொள்ளிக்கட்டைகள். கணைய நோயுள்ளவர் இரண்டையும் அறவே விட வேண்டும்.

மேல்வயிற்றில் வலி கண்டு முதுகுக்குப் பாய்வது, எண்ணெய்ப் பசையோடு மலம் மிதப்பது, காரணமின்றி எடை குறைவது, ஒல்லியான இளவயதினருக்கு இனிப்புநீர் வருவது ஆகிய அடையாளங்களைக் கண்டால், "காஸ்ட்ரிக்தான்" என்று கடை மருந்தை விழுங்கிக் காலம் கடத்தாதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சர்க்கரையைப் பாருங்கள். சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்கோ, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கோ கடிதம் கேளுங்கள். கணையத்தில் கல் இருந்தால் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். "எங்க வீட்டில இன்னொருத்தருக்கும் இது இருக்கு" என்றால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டோடு எடுக்கும் நொதி மாத்திரை, தேவைப்பட்டால் இன்சுலின், கல்லை அகற்றும் சிகிச்சை என வழிகள் உண்டு. உழைக்கவே முடியாத நிலை வந்தால் சொக்சோவின் 'ஈலாட்' ஓய்வூதியமும் உண்டு. அது வேலை விபத்துக்கு மட்டும் உரியதல்ல. வேலையால் வராத நோய்க்கும், சந்தாத் தகுதியிருந்தால், 60 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம்.

குடியை எதிர்ப்போம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வலியில் துடிப்பவனிடம், "எவ்வளவு குடிச்சே?" என்ற கேள்வியை டாக்டர் கேட்கட்டும். அக்கம்பக்கத்தார் கேட்க வேண்டியது, "ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கிட்டுப் போறது?" என்பதுதான்.